வீக்கம் வத்தட்டும், அப்புறம் வா

கேட்ட அளவில் வளையல் தர மாட்டேன் என்று சொல்கிற வளையல்காரியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். வில்லியனூர் தேரடிக்குப் பக்கத்தில், பொது ஜனம் போய்வருகிற வழியில், நீலத் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருப்பாள். அவளோடு சண்டையும் போட்டிருக்கிறேன்.

"ரெண்டு எட்டு குடுக்கா, பச்சைல" என்று கையை நீட்டினேன்.

அவள் என் மூஞ்சியைப் பார்க்கவே இல்லை. கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கட்டை விரலால் என் விரல் முட்டிகளை ஒவ்வொன்றாக அழுத்தினாள். நடுவிரல் வந்ததும் நான் "ஸ்ஸ்" என்றேன்.

"உன் அளவு ரெண்டு ஆறு. ரெண்டு எட்டு உனக்குக் கெடையாது."

"ரெண்டு ஆறு போட்டா கழட்ட வரமாட்டேங்குதுக்கா. அதுக்குத்தான் பெருசு கேக்கறேன்."

"வராது. கை வீங்கிப் போய்க் கீது. வீக்கம் வத்தட்டும், அப்புறம் வா."

எனக்கு வந்ததே கோபம். பக்கத்தில் பூ வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள். "ஏங்கா, நீ வளையல் விக்க வந்தியா, வைத்தியம் பாக்க வந்தியா?" என்று கத்தினேன்.

"வளையல் விக்கத்தான்டி வந்தேன். இன்னிக்கி ரெண்டு எட்டு குடுத்தா, கை வத்தினதும் லொடலொடன்னு கழண்டு கீழ வுழும். அப்ப யார வைவ? என்னத்தான வைவ?"

என் கையை என்னிடமே திருப்பித் தந்துவிட்டு அடுத்தவள் கையை இழுத்துக்கொண்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவள் பெயர் எனக்குத் தெரியாது. தேரடியில் யாருக்கும் தெரியாது. வளையல்காரம்மா, அவ்வளவுதான். நான் அக்கா என்பேன். கோயில் தேர் சமயத்தில் தேரடியில் இருப்பாள். மாதா கோயில் கொடி ஏறினால் அதே தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவாள். நெற்றியில் குங்குமமும் இருக்கும், பையில் ஜெபமாலையும் இருக்கும். எந்தச் சாமி என்று கேட்டால், "கை நீட்டறவ எந்தச் சாமியோ, அந்தச் சாமி" என்பாள். வாய் அப்படி.

வளையல் வாங்கிப் பழகாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ரெண்டு நாலு என்றால் சின்னக் கை. ரெண்டு ஆறு நடுத்தரம். ரெண்டு எட்டு பெரிய கை. கல்யாணமான நாளிலிருந்து நான் ரெண்டு ஆறு. அது எப்படித் திடீரென்று மாறும் என்று நான் யோசித்தே பார்க்கவில்லை. வயதானால் கை பெருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது முப்பத்தைந்துகூட ஆகவில்லை.

சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஒயர் கோக்கிற லைனில் எனக்கு வேலை. வளையல், மோதிரம் எதுவும் உள்ளே போகக்கூடாது. காலையில் கேட்டிலேயே கழற்றி டிபன் பைக்குள் போட்டுக்கொள்வோம். சாயங்காலம் வேனில் ஏறியதும் எல்லாப் பொம்பளைகளும் முதலில் செய்கிற காரியம் வளையலை மாட்டிக்கொள்வதுதான். மொட்டைக் கையோடு தெருவில் இறங்கினால் வாயில்லாததுகள்கூட வாய் திறக்கும். ஆக, எங்கள் லைன் பொம்பளைகள் கைக்கு ஒரு நாளைக்கு ரெண்டு முறை பரீட்சை. அந்தப் பரீட்சையில்தான் நான் தோற்றுக்கொண்டிருந்தேன். காலையில் கேட்டில் நின்று நான் வளையலை இழுக்க இழுக்க, பின்னால் வரிசை நிற்கும். செக்யூரிட்டி அண்ணன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே போனால் விரல் மடங்காது. ஒயர் நுனி நழுவும். சூப்பர்வைசர் ஒருநாள் என் பின்னால் வந்து நின்று, "லூர்து, முடியலன்னா சொல்லு, பேக்கிங்குக்கு மாத்திடறேன்" என்றார். பேக்கிங் என்றால் அடுத்தது வீடு. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அதனால்தான் பெரிய அளவு கேட்டேன். கழற்ற வந்தால் போதும் என்று இருந்தது. விரல் ஏன் வீங்குகிறது என்பதை நான் கேட்கவில்லை, அவள்தான் கேட்டாள்.

எதிர்க்கடையில் ஒருத்தர் இருந்தார். எந்த அளவு கேட்டாலும் தருவார். ஏறவில்லை என்றால் கையில் சோப்பு தடவி, பிளாஸ்டிக் கவரை மாட்டி, ஒரே தள்ளில் ஏற்றிவிடுவார். எங்கள் லைனில் இருக்கும் செல்வி அவரிடம்தான் போட்டுக்கொண்டாள். மறுநாள் கேட்டில் கழற்ற வரவில்லை. மெட்டல் வளையல். எண்ணெய் போட்டாச்சு, சோப்பு போட்டாச்சு, அழுதும் பார்த்தாச்சு. கடைசியில் மெயின்டனன்ஸ் பையன்கள் ஒயர் வெட்டுகிற கட்டரைக் கொண்டுவந்து வெட்டினார்கள். வெட்டி எடுத்த பிறகு மணிக்கட்டுக்கு மேலே கை வெந்த கிழங்காட்டம் சிவந்திருந்தது.

இந்தக் கதையை நான் வளையல்காரம்மாவிடம் போய்ச் சொன்னேன். ஆமாம், திரும்பப் போனேன். கோபம் ஒரு வாரம்தான் தாங்கியது. சொன்னதும் அவள் சிரிக்கவில்லை.

"ஏத்தறது பெருசில்லடி. கழட்ட வரணும். சோப்புப் போட்டு ஏத்தறவன் கையைப் பாக்கல, கல்லாவப் பாக்கறான்."

அன்றைக்குத்தான் என்னை உட்கார வைத்துக் கேட்டாள். அதுவரை எந்த டாக்டரும் என்னை அவ்வளவு கேட்டதில்லை என்று சொல்ல வரவில்லை, நான் அதுவரை எந்த டாக்டரிடமும் போகவே இல்லை.

"காலைல எழுந்தா விரல் மடங்குதா?"

"வெயில் ஏறினப்புறம்தான்."

"ரெண்டு கையுமா, ஒரு கையா?"

"ரெண்டும்."

"நேத்து இன்னா துன்ன?"

நான் ஒப்பித்தேன். காலையில் வேனில் பிஸ்கட். கேன்டீனில் டீ, பஜ்ஜி. மத்தியானம் சோறு, ஊறுகாய், அப்பளம். சாயங்காலம் மறுபடி டீ, சேவு. ராத்திரி என் வீட்டுக்காரர் பரோட்டா வாங்கி வந்தார்.

"இதுல கீர எங்க? மீனு எங்க?"

"ஏங்கா, கம்பெனிக்குப் போறவ கீர ஆய்ஞ்சுகினு இருக்க முடியுமா?"

"பரோட்டாவுக்கு வரிசைல நிக்க மட்டும் ஆள் கீதா?"

அவள் வைத்தியம் இப்படித்தான் தொடங்கும். மருந்து என்று ஒன்றும் சொல்ல மாட்டாள். முதலில் நிறுத்தச் சொல்வாள். "நெருப்பு எரிஞ்சுகினு கீது. தண்ணி ஊத்தறது இருக்கட்டும், மொதல்ல வெறகத் தள்ளாத." விறகு எது என்று அவளுக்கு வரிசை மனப்பாடம். எண்ணெயில் பொரித்தது, மைதா, டீயில் போடுகிற மூணு ஸ்பூன் சர்க்கரை, பாக்கெட்டில் வருகிற எதுவும். அதை நிறுத்திய பிறகுதான் சேர்க்கிற கதை. முடக்கத்தான் கீரையை அரிசியோடு அரைத்துத் தோசை. பிரண்டையை நல்லெண்ணெயில் வதக்கித் துவையல். முருங்கைக்கீரை எப்படி வேண்டுமானாலும். குழம்பில் மஞ்சளோடு மிளகு தட்டிப் போட வேண்டும், மஞ்சள் தனியாகப் போனால் தனியாகவே வந்துவிடும் என்பாள். டீக்குப் பதில் இஞ்சி தட்டிய வெந்நீர். பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மாவிடம் மத்தி வாங்கிக் குழம்பு வைக்க வேண்டும், வறுக்கக்கூடாது. ராத்திரி நொச்சித் தழை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில், சூடு பொறுக்கிற பதத்தில் கையை வைத்திருக்க வேண்டும். நொச்சிக்கு எங்கே போவது என்றால், "ஊசுட்டேரி ஓரமாத்தான தெனம் வேன்ல போற? கண்ண மூடிகினா போற?" என்றாள்.

எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு கையும் ஒண்ணா வீங்குது. காலைல மடங்கல. இது வேல செஞ்ச வலி மட்டும் இல்ல. போய் ரத்தம் குடுத்துப் பாரு."

"அதான் கீர சொல்லிட்டியே?"

"கீர துன்னுகினே போடி. நான் இன்னா வைத்தியரா? வளையல் விக்கறவ."

போனேன். மூட்டுவாதம், ஆரம்பம், என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டேன். கீரையும் சாப்பிட்டேன். எது வேலை செய்தது என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அவருக்கு முடக்கத்தான் தோசையின் நிறத்தைப் பார்த்தாலே ஆகாது. "ஏண்டி, தோசைக்கு இன்னா, பாசி புடிச்சிடுச்சா?" என்று கேட்டுவிட்டு மூன்று தோசை தின்பார். எது வேலை செய்ததோ, பொங்கல் தாண்டி ஒரு காலையில் கேட்டில் நின்று வளையலை இழுத்தேன். வந்துவிட்டது. பின்னால் நின்ற செல்வி கைதட்டினாள். செக்யூரிட்டி அண்ணன் அப்போதும் வானத்தைத்தான் பார்த்தார், ஆனால் சிரித்தார். மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று வளையல்காரம்மாவிடம் கேட்டதற்கு அவள் வைத வசவை இங்கே எழுத முடியாது.

அவளை ஒரு மகான் என்று நினைத்துவிடாதீர்கள். பேச ஆரம்பித்தால் ஊர் வம்பு முழுக்க வரும். கோபம் வந்தால் தராதரம் கிடையாது. எதிரே வடைக்கடையில் மசால் வடை எண்ணெயில் விழுந்த சத்தம் கேட்டதும் கழுத்து தானாகத் திரும்பும். "ஊருக்குத்தான் உபதேசமா?" என்று நான் ஒருநாள் மாட்டிவிட்டேன். வாய் நிறைய வடையோடு தன் கையை நீட்டிக் காட்டினாள். "பாரு, எலும்பும் தோலும். இதுல வீங்க எடம் ஏது?" அந்தக் கையில் ஒரு வளையல்கூட இல்லை. ஊருக்கெல்லாம் வளையல் போடுகிறவளின் கை ஏன் மொட்டையாக இருக்கிறது என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன். அவளிடம் சில கேள்விகள் வாய்வரை வந்து நின்றுவிடும்.

இந்த அழகில் இருக்கும்போதுதான் என் தங்கை ரோசி மாசமானாள். அவளைப் பாகூர் பக்கம் கொடுத்திருந்தோம். கல்யாணமாகி ஆறு வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை. எங்கள் அம்மா மாதா கோயிலுக்கு எத்தனை மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பாள் என்று மாதாவுக்குத்தான் தெரியும். ரோசியின் மாமியார் அவளைத் தரையில் நடக்க விடவில்லை. நல்ல பொம்பளைதான், ஆனால் எல்லாம் தனக்குத் தெரியும் என்கிற ஜாதி.

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். வளையல் போட நான் யாரைச் சொல்வேன்? நாள் குறித்ததும் ரோசியை ஒருமுறை வில்லியனூருக்கு அழைத்துவந்து அளவு பார்க்க வைத்தேன். வளையல்காரம்மா அவள் கையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் தடவினாள். "ரெண்டு நாலு. எளசான கை" என்றாள். கால் கொஞ்சம் வீங்குகிறது என்று ரோசி சொன்னதற்கு, "சாயங்காலம் வீங்கி காலைல வத்திடுதா? அப்ப ஒண்ணும் இல்ல. காலைத் தூக்கி வச்சிக்க. பார்லி தண்ணி குடி. செக்கப்பு மட்டும் தவறவுடாத" என்றாள். நான் என் பெருமையில், "முடக்கத்தான் தோச செஞ்சு அனுப்பட்டுமாக்கா?" என்றேன். என் மண்டையில் ஒரு குட்டு விழுந்தது. "மாசமா இருக்கறவளுக்கு உன் கீர, உன் பிரண்ட எதுவும் குடுக்காத. உன் ஒடம்புக்குச் சொன்னத அவ ஒடம்புல ஏத்துவியா?"

வளைகாப்பு அன்று காலையில் வாடகை வேனில் நாங்கள் எல்லோரும் போனோம். வளையல்காரம்மா மடியில் அட்டைப் பெட்டியோடு முன் சீட்டில். பச்சையும் சிவப்பும் கண்ணாடி வளையல், எல்லாம் ரெண்டு நாலு, ரோசிக்கென்றே தனியாகப் பொறுக்கி நூலில் கட்டியிருந்தாள்.

பந்தலில் ரோசியை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, கன்னத்தில் சந்தனம். பார்த்ததும் எங்கள் அம்மா, "எம்பொண்ணு பூரிச்சுப் போயிருக்கா பாரு" என்று கண் கலங்கினாள். முகம் உப்பித்தான் இருந்தது. எனக்கும் பூரிப்பாகத்தான் தெரிந்தது. முதலில் வேப்பங்கொழுந்தை வளைத்துச் செய்த காப்பை மாமியார் போட்டார்கள். அது லேசாக வளைந்து கொடுத்து ஏறிவிட்டது. அடுத்து வளையல்காரம்மா கீழே உட்கார்ந்து ரோசியின் கையை வாங்கினாள்.

வாங்கியவள் வளையலை எடுக்கவில்லை.

கையைத் திருப்பினாள். புறங்கையில் கட்டை விரலை அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடம் குழியாக நின்றது. மறு கையிலும் அழுத்தினாள். அதுவும் குழி. பிறகு நிமிர்ந்து ரோசியின் முகத்தைப் பார்த்தாள். நான் அப்போதே எழுந்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்கிறாள் என்றால் விஷயம் வேறு என்று எனக்குத் தெரியும்.

"தல வலிக்குதாம்மா?"

"நேத்துலேர்ந்து வலிக்குது. வீடியோ லைட்டு வேற கண்ணைக் கூசுது" என்றாள் ரோசி.

"கண்ணு முன்னாடி ஏதாச்சும் மின்னுதா?"

"ஆமா, பூச்சி பறக்கறாப்பல கீது."

"கடைசியா செக்கப்பு எப்ப போன?"

ரோசி மாமியாரைப் பார்த்தாள். மாமியார்தான் பதில் சொன்னார்கள். "போன வாரம் போவணும். பத்திரிகையெல்லாம் குடுத்தாச்சு, வேல தலைக்கு மேல கெடக்கு, வளைகாப்பு முடிஞ்சு அம்மா வூட்டுக்குப் போனதும் அங்க பாத்துக்கலாம்னு வுட்டுட்டோம். அதுக்கு இன்னா இப்ப? வளையலப் போடும்மா, நேரம் போவுது."

வளையல்காரம்மா அட்டைப் பெட்டியை மூடினாள்.

"நான் போட மாட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போங்க."

கலந்த சாதம் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கரண்டியை நிறுத்தினார்கள்.

"இன்னாம்மா பேசற நீ?" மாமியார் குரல் உயர்ந்தது. "நல்ல காரியம் நடக்கற எடத்துல வாயில வர்ற பேச்சா இது? மாசமா இருக்கறவளுக்குக் கை கால் வீங்காதா? நாங்கல்லாம் புள்ள பெக்கலையா? நீதான சொன்ன, பார்லி தண்ணி குடிச்சா வடிஞ்சிடும்னு! நாலு வேள வச்சிக் குடுத்துகினு கீறேன்!"

"சொன்னேன். காலுக்குச் சொன்னேன். இது கையும் மூஞ்சியும். அன்னிக்கி ரெண்டு நாலு இருந்த கை இது. இன்னிக்கி ரெண்டு எட்டு கூட ஏறாது. ரெண்டு வாரத்துல எந்தக் கையும் இப்டி வளராது. இது பார்லில வடியற வீக்கம் இல்ல."

"சோப்பு போட்டு ஒரே ஒரு வளையல் ஏத்திடு. ஒத்த வளையல் போதும். வெறுங்கையோட சபையிலேர்ந்து எழுந்தா பொண்ணுக்கு ஆவாது."

"ஏத்திடுவேன். அப்புறம் ஆஸ்பத்திரில கட்டர் வச்சி வெட்டுவாங்க. அதுக்குள்ள இவளுக்கு எதுனா ஆச்சுன்னா?"

"ஐயோ, வாயக் கழுவுடி!" மாமியார் பேச்சில் மரியாதை போய்விட்டது. "இனிமே எங்க வூட்டு வாசப்படி ஏறாத நீ!"

"ஏறல. மொதல்ல இவளை ஏத்து, வண்டில" என்றாள் வளையல்காரம்மா. குரல் கொஞ்சமும் உயரவில்லை. ரோசியின் கையை மட்டும் விடவில்லை.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். எங்கள் அம்மா மாதாவைக் கூப்பிட்டாள். ரோசியின் வீட்டுக்காரன் அவன் அம்மா முகத்தையும் பெண்டாட்டி முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குக் கோபம் பொங்கியது. நான் யார் மேலே கோபப்பட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. "வேன் டிரைவர் எங்க? இலைய அப்புறம் பாத்துக்கலாம், வண்டிய எடுக்கச் சொல்லு!" என்று நான் போட்ட கூச்சலில் பந்தல் கழன்று விழாதது அதிசயம். "அத்த, நீங்க என்னைத் திட்டணும்னா வண்டில ஏறித் திட்டுங்க, வாங்க" என்று மாமியாரையும் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

பக்கத்துச் சுகாதார நிலையத்தில் நர்ஸ் கையில் பட்டை கட்டி பி.பி. பார்த்தாள். மறுபடி ஒருமுறை பார்த்தாள். போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். சிறுநீர் பார்த்ததில் உப்பு நீர் என்றார்களோ, புரதம் என்றார்களோ, எனக்குக் காதில் விழுந்ததெல்லாம் "இன்னும் கொஞ்சம் வுட்டிருந்தா ஃபிட்ஸ் வந்திருக்கும்" என்பதுதான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ரோசி என் கையைப் பிடித்திருந்தாள். அவள் கை தடிப்பாக, சூடாக இருந்தது. கை மேல் கை வைத்திருந்தும் என் தங்கை கை மாதிரியே இல்லை.

ஊசி போட்டு, பி.பி.யை இறக்கி, சில நாள் தாக்குப்பிடித்துப் பார்த்தார்கள். பிறகு இனி வைத்திருக்கக்கூடாது என்று ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண். என் உள்ளங்கை ரெண்டும் சேர்த்தால் அதில் அடங்கிவிடும் அளவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ரோசி கண் திறந்து, "கொழந்த அழுதுச்சா?" என்று கேட்டபோது ஆஸ்பத்திரி என்றும் பாராமல் நான் ஓவென்று அழுதேன். மாமியார் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தன் முந்தானையை என்னிடம் நீட்டினார்கள்.

அதற்குப் பிறகு நான் தேரடிக்குப் போய் அவள் காலைத் தொடக் குனிந்தேன். காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "வியாபார நேரத்துல இன்னாடி கூத்து இது" என்றாள்.

"எப்படிக்கா தெரிஞ்சுது?"

வெகுநேரம் வளையலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வடை எண்ணெயில் விழுந்த சத்தம் கேட்டது, கழுத்து திரும்பவில்லை.

"ஒரு தபா சோப்பு போட்டு ஏத்தினேன்" என்றாள். "எங்க வூட்டுப் பொண்ணுதான். எல்லாம் பூரிப்புன்னு நெனச்சோம்."

அவ்வளவுதான் சொன்னாள். நானும் அவளுடைய மொட்டைக் கையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஏன் என்று அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

பிள்ளை தேறி, எடை ஏறி, ஞானஸ்நானம் வில்லியனூரில் எங்கள் வீட்டில் வைத்தோம். கோயிலில் இருந்து வந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது வளையல்காரம்மா வாசலில் வந்து நின்றாள். நான் கூப்பிட்டிருந்தேன். வருவாள் என்று நினைக்கவில்லை. கையில் அதே அட்டைப் பெட்டி. உள்ளே அதே வளையல், அதே நூல் கட்டு.

"இத்தினி நாளா விக்கலையாக்கா?"

"இவ கைக்கு எடுத்தது. வேற யாருக்குப் போடறது?"

ரோசி கையை நீட்டினாள். வளையல்காரம்மா அதை மடியில் வாங்கிக்கொண்டாள். புறங்கையில் கட்டை விரலை அழுத்தி எடுத்தாள். குழி விழவில்லை. வளையலை எடுத்து, ரோசியின் விரல்களைக் கூட்டிப் பிடித்து, பெருவிரல் முட்டியை மெதுவாக உள்ளே அழுத்தி, ஒவ்வொன்றாக ஏற்றினாள். சோப்பு இல்லை, கவர் இல்லை. பச்சை, சிவப்பு, பச்சை. ரெண்டு கையும் நிறைந்ததும் ரோசி கையை ஆட்டினாள். அந்தச் சத்தத்துக்குத் தொட்டிலில் கிடந்த குழந்தை கண்ணை உருட்டிப் பார்த்தது. அம்மா மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டாள்.

"ஒண்ணைக் கழட்டிக் காட்டு" என்றாள் வளையல்காரம்மா. ரோசி கழற்றினாள். வந்தது. "ம். சரி, போட்டுக்க" என்றாள்.

ரோசியின் மாமியார் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்ததிலிருந்து வளையல்காரம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசப்படி ஏறாதே என்று சொன்ன வாய் அல்லவா? நம் வீட்டில் வைத்து மறுபடி ஏதாவது கேட்டுவிட்டால் நான் சும்மா இருக்க மாட்டேன் என்று வேறு எனக்குத் தெரியும்.

மாமியார் எழுந்தார்கள். மெதுவாக நடந்து வந்து, வளையல்காரம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்கள். உட்காரும்போது முட்டி வலித்திருக்க வேண்டும், முகம் சுளித்தது. வலது கையை நீட்டினார்கள்.

"எனக்கும் ஒரு ஜோடி போடு. ரெண்டு எட்டு."

வளையல்காரம்மா முகத்தைப் பார்க்கவில்லை. கையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கட்டை விரலால் ஒவ்வொரு முட்டியாக அழுத்தினாள். நடுவிரல் வந்ததும் மாமியார் "ஸ்ஸ்" என்றார்கள்.

"உன் அளவு ரெண்டு ஆறு" என்றாள் வளையல்காரம்மா. "அப்பளம் துன்றியா?"

மாமியார் என்னைப் பார்த்தார்கள். ரோசியைப் பார்த்தார்கள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிச் சொன்னார்கள்.

"துன்றேன்."

"பெட்டில ரெண்டு ஆறு ஒரு ஜோடி எடுத்து வைக்கறேன். வீக்கம் வத்தட்டும், அப்புறம் வா."

"தேரடிக்கா?"

"பின்ன? உன் வூட்டு வாசப்படிதான் நான் ஏறக்கூடாதே."

"அடப் போம்மா!" என்று மாமியார் தன் கையை இழுக்கப் பார்த்தார்கள். வளையல்காரம்மா விடவில்லை. வீங்கிய அந்தக் கை அவள் மடியில் அப்படியே இருந்தது. மாமியார் கண்ணைத் துடைக்க இடது கைதான் கிடைத்தது. துடைத்துக்கொண்டே கேட்டார்கள், "சரி, இன்னா துன்னணும்? சொல்லு."